ரத்தம் வராத இருமல்

என் வீட்டுக்காரர் நன்றாக இருமுவார். எஸ்டேட்டில் அவருக்குப் பேரே அதுதான். இருமல்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் லயத்து வீட்டைக் காட்டும்.

அப்போது அவருக்கு நோய் எதுவும் கிடையாது. செம்பனைக் குலை வெட்டுகிற ஆள். தோள் அகலமாக இருக்கும். அவர் இருமியது நாடகத்தில்.

எங்கள் எஸ்டேட் மலாக்காவில், மெர்லிமாவ் பக்கம். அம்மன் கோயில் திருவிழாவில், தீமிதி முடிந்த மறுநாள் சாயங்காலம் நாடகம் போடுவார்கள். கதை வருஷத்துக்கு வருஷம் மாறும். கடைசியில் ஒரு ஆள் இருமிச் சாக வேண்டும், அது மட்டும் மாறாது. தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க உழைத்து உழைத்து நோய் பிடித்த அண்ணன். இல்லாவிட்டால் ஆசைப்பட்டவளை இன்னொருத்தனுக்கு விட்டுக்கொடுத்தவன். படத்தில் அப்படித்தான் வரும். படம் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் நாடகம் எழுதினார்கள். படத்தில் யாரும் சும்மா இருமுவதில்லை. இருமினால் கைக்குட்டையை எடுப்பார்கள். கைக்குட்டையில் ரத்தம் இருக்கும். பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும், டிபி, இனிப் பிழைக்க மாட்டான் என்று. டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அந்த ரத்தத்தைச் செய்வது என் வேலை.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம் வெறும் சிராப்பைக் கைக்குட்டையில் நனைத்துக் கொடுத்தேன். தண்ணீரில் கலந்து குடிக்கிற ரோஸ் சிராப், பால் சேர்த்தால் ஆயிர் பண்டோங். மேடை விளக்கில் அது ரோஸ் கலராகவே தெரிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தன், "அண்ணே, அது ரத்தமா, ஆயிர் பண்டோங்கா?" என்று கேட்டான். சாகிற காட்சியில் ஜனம் சிரித்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் சாப்பிட்டார்.

மறு வருஷம் சிராப்பில் கெட்டிக் கோப்பி ஊற்றிக் காய்ச்சினேன். கொஞ்சம் கோதுமை மாவு. நிறம் இறங்கிக் கறுஞ்சிவப்பாக வந்தது. அதற்கப்புறம் யாரும் சிரித்ததில்லை. அழுதார்கள்.

எறும்புதான் தொல்லை. கைக்குட்டையைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நிற்பார். அதற்குள் எறும்பு ஏறிவிடும். இருமி, ரத்தத்தைக் காட்டி, விழுந்து செத்த பிறகு, தங்கச்சி வேஷம் கட்டியவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பான். அவனுக்கு நல்ல குரல், லேசில் முடிக்க மாட்டான். அவ்வளவு நேரமும் எறும்பு கடிக்கும். இவர் அசைய மாட்டார். திரை விழுந்ததும் துள்ளி எழுந்து சட்டையைக் கழற்றி உதறுவார். வாயில் கெட்ட வார்த்தையாக வரும். திரைக்கு இந்தப் பக்கம் பொம்பளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். நான் பாயில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வருஷமும் நான் அழுததில்லை. எழுந்து உதறுவார் என்று தெரியும்.

பிறகு அந்தக் கைக்குட்டையைத் துவைப்பேன். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து வெயிலில் போட்டால் போகும். கொஞ்சம் மங்கலாக நிற்கும். அடுத்த வருஷமும் அதுதான்.

எஸ்டேட் கை மாறியது. லயத்தை இடித்தார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. நாங்கள் மெர்லிமாவ் டவுனில் அரசாங்க மலிவு வீட்டுக்கு வந்தோம். அவர் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குப் போனார், கேட்டில் உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை. மகளைக் கிளேபாங்கில் கட்டிக்கொடுத்தோம். அவளும் மாப்பிள்ளையும் அங்கே ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார்கள்.

நாடகம் போனாலும் இருமல் போகவில்லை. கல்யாண வீடு, காது குத்து, எங்கே போனாலும் பழைய ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை இருமிக் காட்டச் சொல்வார்கள். இவரும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. கீழே எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து எடுக்கிற மாதிரி ஆரம்பித்து, நெஞ்சைப் பிடித்து, ஒரு கையால் சுவரைத் தேடி, கடைசியில் கைக்குட்டையை விரிப்பார். அது வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனாலும் கை தட்டுவார்கள்.

டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கிற பாய்க்கு இவரை ரொம்பப் பிடிக்கும். எஸ்டேட்டுக்கு வேனில் சாமான் கொண்டுவந்த காலத்துப் பழக்கம். நாடகத்துக்கு சிராப் பாட்டில் அவர் கடையிலிருந்துதான் வரும். திருவிழா உபயம் மாதிரி சும்மா கொடுப்பார். இவர் கடைக்குள் நுழைந்தாலே பாய் ஆரம்பித்துவிடுவார்.

"வாங்கண்ணே. இன்னும் சாகலியா?"

"சிராப் குடுத்தா சாவறேன் பாய்."

இதுதான் அவர்களுடைய வணக்கம்.

பிறகு கொரோனா வந்தது. இருமல் விளையாட்டு இல்லாமல் போனது. அது வந்த புதிதில் ஒரு நாள் இவர் பாய் கடையில் வழக்கம்போல இருமிக் காட்டிவிட்டார். கடையிலிருந்தவர்கள் சாமானைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாய் சத்தம் போட்டுவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து முகக்கவசத்தைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் ரொம்ப நாள் யாருக்கும் இருமிக் காட்டவில்லை. தொண்டையைச் செருமுவதற்குக்கூடக் கொல்லைப்பக்கம் போவார்.

எல்லாம் திறந்துவிட்டார்கள். ஜனம் பழையபடி நடமாட ஆரம்பித்தது. அப்போதுதான் அவருக்கு நிஜமாக இருமல் வந்தது.

நாடகத்து இருமல் பெரியது, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியது. இது சின்னது. விடியக்காலையில் குளியலறையில் இரண்டு மூன்று இருமல், தொண்டையில் உமி மாட்டிய மாதிரி. பிறகு கோப்பி குடிப்பார், அடங்கிவிடும்.

எங்களுக்கு அப்போது தெரிந்த நோய் ஒன்றுதான். பார்மசியில் டெஸ்ட் கிட் வாங்கி வந்தார். ஒரு கோடு. இரண்டு கோடு வந்தால்தான் கொரோனா. அதைப் போன் கேமராவில் பிடித்து மகளுக்கு அனுப்பினார். அவள் கும்பிடுகிற கை படம் அனுப்பினாள். மனசு நிம்மதியாகிவிட்டது. இருமல் நிற்கவில்லை. மறுபடியும் கிட். மறுபடியும் ஒரு கோடு. மகள் மறுபடியும் கும்பிட்டாள். ஒரு கோடு என்றால் நோய் இல்லை என்று அர்த்தம். வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் பட்டது.

ஜாசினில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. தூணைப் பிடித்துக் குனிந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வரும்போது கை தட்டல் கேட்டது.

பழைய எஸ்டேட் ஆட்கள் சுற்றி நின்றிருந்தார்கள். பாயும் கல்யாணத்துக்கு வந்திருந்தார், அவரும் தட்டினார். ரொம்ப வருஷம் கழித்து அண்ணன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று எல்லாருக்கும் சந்தோஷம். பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். அதை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார், மேடையில் காட்டுகிற மாதிரியே.

"ரத்தம் எங்கண்ணே?" என்றார் பாய்.

"நீ சிராப் குடுத்தாத்தானே வரும்."

மண்டபத்து வாசலே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் தண்ணீரைக் கொடுத்தேன். வாங்கும்போது தண்ணீர் சட்டையில் சிந்தியது. அதையும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வேனில் வரும்போது கிளினிக் போகலாம் என்று சொன்னேன். டிபியாக இருக்கப் போகிறது என்றும் சொன்னேன். ஏன் அந்த வார்த்தை வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டார். வெள்ளையாக இருந்தது.

"பாத்துக்க. ஒரு சொட்டு இருக்கா? அந்த நோவு எனக்குத் தெரியாதா புள்ள? அதுல நான் எத்தன வாட்டி செத்துருக்கேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். நானும் அந்தக் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் தினமும் துவைப்பதற்கு முன்னால் பார்ப்பேன். தினமும் வெள்ளை. எனக்கும் தைரியம் வந்தது.

சட்டைக் காலர்தான் முதலில் சொன்னது. பொத்தான் போட்ட பிறகும் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் என் கை போகும் அளவுக்கு இடம் இருந்தது. பனியன் காலையில் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். மீன் குழம்பு வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். ஏற்கெனவே சர்க்கரை இருந்தது, அதனால்தான் மெலிகிறது என்று தொழிற்சாலையில் யாரோ சொன்னார்களாம். அதை வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவளுக்கு வாசலிலேயே முகம் மாறிவிட்டது. மறுநாள் கடையை அடைத்துவிட்டு அவளே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர் உடனே முகக்கவசம் கொடுத்து அவரைத் தனியாக வெளியே, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்தார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தார். இருமிச் சளி எடுத்து அதில் துப்ப வேண்டும். மலாய்க்கார மிஸ்ஸி, சின்ன வயசு. நல்லா பலமா இருமுங்க பாச்சிக் என்று சொன்னார், மலாயில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் இருமினார். கிணற்றுக்குள்ளிருந்து ஆரம்பித்து, நெஞ்சைப் பிடித்து, கட்டடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி. டப்பாவில் ஒன்றும் விழவில்லை. மறுபடியும் இருமினார். எச்சில்தான் வந்தது. மிஸ்ஸி பொறுமையாக, சத்தம் வேண்டாம், உள்ளேயிருந்து வரட்டும் என்று சொல்லிக் காட்டினார். அவருக்கு வரவில்லை. ஆயுசெல்லாம் கேட்டவுடனே இருமிய மனுஷன். வெயிலில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வர மாட்டேங்குது," என்றார்.

டப்பாவை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் குளியலறையில் அந்தச் சின்ன இருமல் வந்தது. அதில்தான் சளி வந்தது. அதில்தான் நோய் இருந்தது.

டிபி என்று சொன்னபோது அவர் டாக்டரிடம் ரத்தம் வரவே இல்லையே என்று கேட்டார். எல்லாருக்கும் வராது என்று டாக்டர் சொன்னார். நிறையப் பேருக்கு வராதாம். ரத்தம் வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாதாம். மகள் தமிழில் திருப்பிச் சொன்னாள். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் இவருக்கு இரண்டு பக்கமும் பரவியிருந்தது. சர்க்கரை வேறு. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். எனக்கும் மகள் வீட்டுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். எங்களுக்கு இல்லை.

அங்கே போனதும் தட்டும் கோப்பையும் தனியாக வேண்டும் என்று கேட்டார். மிஸ்ஸி, அது வேண்டியதில்லை பாச்சிக், தட்டில் ஒட்டாது, காற்றில்தான் போகும் என்று சொன்னார். இவர் கேட்கவில்லை. படத்தில் டிபிக்காரனுக்குத் தட்டு தனி. தன் தட்டைத் தானே கழுவிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார். நான் அதைத் தொட்டால் கோபம் வரும்.

ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நானும் முகக்கவசம், அவரும் முகக்கவசம்.

"மெர்லிமாவ்ல யாருக்கும் சொல்லாத."

"என்னான்னு சொல்றது?"

"சக்கரைன்னு சொல்லு. கொரோனான்னு வேணாலும் சொல்லு. இத மட்டும் சொல்லாத."

"ஏங்க, இதுல என்னா வெக்கம்?"

முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம், "சிரிப்பாங்க," என்றார்.

சரி என்றேன்.

மருந்து சாப்பிட ஆரம்பித்ததும் மூத்திரம் சிவந்து போனது. மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். வியர்வையும் அப்படித்தான். பனியனில் கழுத்தோரம் ஆரஞ்சுக் கறை நின்றது. நான் பஸ்ஸில் வீட்டுக்கு எடுத்துவந்து துவைப்பேன். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் மங்கலாக நின்றது.

துவைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அந்தக் கறையைப் பார்த்தார்.

"இப்பத்தான் கலரு வருது, பாரு. கோப்பி பத்தல."

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு இருமல் வந்தது. நான் முதுகைத் தடவினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த மனுஷன் எழுந்து வீட்டுக்கு வர வேண்டும். வேறு எதையும் சாமியிடம் கேட்கவில்லை. நேர்த்திக்கடன் எதுவும் வைக்கவில்லை. தெரியாமல் போய்விட்டது என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டேன்.

கொஞ்சம் தேறினார். கஞ்சி குடித்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்தார். மகள் வீட்டில் அறையைக் கழுவி, ஜன்னலுக்கு எதிரே கட்டில் போட்டாள். வெயில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம்.

அந்த அறைக்கு அவர் வரவில்லை. மூச்சு ஏறிக்கொண்டது. மூக்கில் குழாய் வைத்தார்கள், அப்புறம் வாயில். பகல் நேரம். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சைப் பிடிக்கவில்லை, சுவரைத் தேடவில்லை, எதுவும் சொல்லவில்லை. மிஷினில் நம்பர் இறங்கியது. சத்தமே இல்லை. கடைசி வரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

மெர்லிமாவ் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆட்கள் வந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் சர்க்கரை என்று சொன்னேன். தலையாட்டினார்கள். இந்த நாட்டில் சர்க்கரை என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. பழைய எஸ்டேட் ஆட்கள் வெளியே கூடாரத்தில் உட்கார்ந்து நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பண்டோங் கதையை யாரோ சொல்ல, மெதுவாகச் சிரித்தார்கள். அதில் தப்பில்லை. அவர் இருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

பாய் கடையை அடைத்துவிட்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் வயசாகிவிட்டது. ஒரு பாட்டம் கிடத்தியிருந்தவரைப் பார்த்தார், ஒரு பாட்டம் தரையைப் பார்த்தார்.

"என்னா ஆச்சு தங்கச்சி?"

சர்க்கரை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வருஷா வருஷம் சிராப் கொடுத்த மனுஷன். வரவில்லை.

"டிபி பாய்," என்றேன்.

பாய் என் முகத்தையே பார்த்தார். அவர் சிரிப்பாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு ஏதோ புரிந்துகொண்டு வருவது தெரிந்தது.

"ஜாசின்ல, அந்த மண்டபத்துல, தூணப் புடிச்சுக்கிட்டு..."

"ஆமா பாய்."

"நான் கை தட்டுனேனே தங்கச்சி."

எல்லாரும்தான் தட்டினார்கள் என்று சொன்னேன். இவருக்கும் அது பிடித்திருந்தது என்று சொன்னேன். அது பொய் இல்லை. பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

என் வீட்டுக்காரருக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தோம். சட்டைப் பையில் அந்தக் கைக்குட்டையை மடித்து வைத்தேன். நாடகத்துக் கைக்குட்டை. அலமாரியில் இருந்தது. மூலையில் இன்னும் மங்கலாகக் கறை இருந்தது.

மாலை நிறையப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து வந்திருக்கும், ஒரு எறும்பு காலரில் ஏறியது. பிறகு கழுத்தில். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. அவர் எப்போதும் அசைய மாட்டார். விரலால் அதை எடுத்துக் கீழே விட்டேன். பட்டன் ஓரத்தில் இன்னொன்று இருந்தது.

தூக்குகிறவர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். மகள் என் தோளைப் பிடித்தாள்.

"நேரமாச்சும்மா. நகந்துக்க, தூக்கப் போறாங்க."

"இரு," என்றேன். "எறும்பு இருக்கு."